வாழை வேரில் வேர்ப்புண் நூற்புழு: வயலில் தொடங்கி மைக்ராஸ்கோப் வரை அடையாளம் காணும் முறை

காற்று பலமாக அடிக்காத நாளில் வாழை தாரோடு வேர் பெயர்ந்து சாய்கிறது. உரம் வைத்தும் இலை வெளிறுகிறது, தார் சிறுக்கிறது. யாரோ ஒருவர் "நூற்புழுவாக இருக்கும்" என்று, அதாவது மண்ணிலும் வேரிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற புழு என்று சொல்ல, அன்றைக்கே குருணை மருந்து வாங்கிப் போடுகிறார்கள். வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே கூன்வண்டு துளைத்திருக்கும், இல்லையென்றால் வாடல் நோய். நூற்புழுதான் என்றாலும் எந்த நூற்புழு என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கே நான் எழுதுவது பிராட்டிலென்கஸ் என்ற பேரினத்தைப் பற்றி. வேர்ப்புண் நூற்புழு என்றும் வேர் அழுகல் நூற்புழு என்றும் தமிழில் சொல்வதுண்டு. நம் வாழைத் தோட்டங்களில் இதில் அடிக்கடி கிடைப்பது பிராட்டிலென்கஸ் காஃபியே என்ற இனம். வயலில் வேர் எடுக்கப் போகும் மாணவர்களும் களப்பணியாளர்களும் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து இந்த வரிசையை அமைத்திருக்கிறேன். படிகளை மாற்றிச் செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவையானதைக் கொடுக்கிறது.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். இந்தப் புழு வேருக்குள் வாழ்வது, ஒரே இடத்தில் தங்காதது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதல் வளர்ந்த புழு வரை எல்லாமே வேருக்குள் நுழையும், சதையைத் தின்றபடி நகரும், அந்த இடம் செத்ததும் உயிருள்ள பகுதிக்கு இடம்பெயரும். கீழே சொல்லும் முக்கால்வாசி எச்சரிக்கைகளுக்கும் இதுதான் காரணம்.

1. கையில் இருக்க வேண்டியவை

வயலுக்கு: மண்வெட்டி, கூர்மையான கத்தி, வாளி, பாலித்தீன் பைகள், பென்சில், தடித்த காகிதச் சீட்டுகள், வெயில் படாமல் பைகளை வைக்க ஒரு தெர்மோகோல் பெட்டி. சீட்டில் பேனாவால் எழுதக் கூடாது. ஈரம் பட்டதும் மை கரைந்து எந்தத் தோட்டத்து மாதிரி என்றே தெரியாமல் போகும். பென்சில் எழுத்து நிற்கும்.

ஆய்வகத்துக்கு: பிளாஸ்டிக் வடிகட்டி, அது உட்காரும் அளவுக்குத் தட்டு, டிஷ்யூ தாள், 38 மைக்ரான் கண்ணியுள்ள சல்லடை (மைக்ரான் என்பது மி.மீ.-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), முடிந்தால் 25 மைக்ரான் சல்லடை ஒன்று, சிறிய தராசு, பெட்ரி தட்டுகள், ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் உள்ள கூட்டு மைக்ராஸ்கோப், ஸ்லைடு, கவர்ஸ்லிப். புழுவை எடுக்க மெல்லச் சீவிய மூங்கில் குச்சி போதும். ஊசி முனையில் ஒரு கண்ணிமை முடியை ஒட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

2. தோட்டத்தை முதலில் நடந்து பாருங்கள்

தோண்டும் முன் முழுத் தோட்டத்தையும் ஒரு சுற்று வாருங்கள். நூற்புழு தாக்கம் பெரும்பாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். பாசன நீர் போகும் திசையிலும், ஒரே இடத்திலிருந்து வாங்கிய கன்றுகளை நட்ட வரிசைகளிலும் அது நீண்டிருக்கும். ஏனென்றால் இந்தப் புழு தானாக அதிக தூரம் போகாது. கன்றின் கிழங்கோடும், தண்ணீரோடும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும்தான் பயணம் செய்கிறது.

சாய்ந்த வாழை எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். கிழங்கு முழுதாகப் பெயர்ந்து, அதில் குட்டைக் குட்டையாக அறுந்த கறுத்த வேர்கள் நின்றால் நூற்புழுவைச் சந்தேகிக்கலாம். தண்டு நடுவில் முறிந்திருந்தால் காற்றோ தண்டுக் கூன்வண்டோ காரணமாக இருக்கலாம். கிழங்கிலேயே முறிந்து உள்ளே சுரங்கம் போல் துளைகள் தெரிந்தால் அது கிழங்குக் கூன்வண்டின் வேலை.

இலையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மஞ்சளிப்பு, குட்டை வளர்ச்சி, தார் தாமதம் எல்லாம் சத்துக் குறைவிலும் வரும், தண்ணீர் தேங்கினாலும் வரும். இலை எங்கே தோண்டலாம் என்று காட்டும், அவ்வளவுதான்.

3. எந்த வாழையில், எப்போது எடுப்பது

புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழுந்து கிடக்கும் வாழையிடம் நேராகப் போவார்கள். அதுதான் தவறு. விழுந்த வாழையின் வேர் செத்திருக்கும். புழுவுக்கு அங்கே உணவில்லை, அது பக்கத்து வாழையின் நல்ல வேருக்குப் போயிருக்கும். அழுகிய வேரில் வாழும் வேறு சாதாரணப் புழுக்கள்தான் ஆயிரக்கணக்கில் நெளியும். அவற்றைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு.

விழுந்ததற்கு அடுத்து, நின்றுகொண்டே சோர்ந்திருக்கும் வாழையை எடுங்கள். பாதிக்கப்பட்ட திட்டின் ஓரத்தில் இருப்பது இன்னும் நல்லது. ஒப்பிட, அதே தோட்டத்தில் நன்றாக இருக்கும் பகுதியிலிருந்தும் தனியாக ஒரு மாதிரி எடுங்கள். இரண்டையும் ஒரே பையில் கலந்துவிடாதீர்கள். கலந்தால் இரண்டு பகுதிக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகும்.

பூ தள்ளும் தருணம் மிகப் பொருத்தமானது. அதற்குப் பிறகு வாழை புது வேர் விடுவது ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் இருக்கும் வேர்தான் தாரைத் தாங்கப் போகும் வேர், அதுவரை சேர்ந்த பாதிப்பு முழுவதும் அதில் தெரியும். கன்று நட்ட சில வாரங்களில் பார்த்தால் புழு இருந்தும் பெருகியிருக்காது. காய்ந்து வெடித்த மண்ணிலும் சேறாகக் கிடக்கும் மண்ணிலும் எடுக்க வேண்டாம். பாசனம் முடிந்து மண் பதமாக இருக்கும்போது எடுங்கள்.

4. குழி வெட்டி வேர் எடுப்பது

தண்டின் அடியை ஒட்டி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 20 செ.மீ. இருக்கும்படி ஒரு குழி வெட்டுங்கள். அதற்குள் கிடைக்கும் வேர் அனைத்தையும் எடுங்கள். நல்லது, கெட்டது என்று பொறுக்கக் கூடாது. கறுத்ததை மட்டும் எடுத்தால் பாதிப்பு கூடுதலாகத் தெரியும், வெள்ளையை மட்டும் எடுத்தால் இல்லாதது போலத் தெரியும்.

ஒரு திட்டில் குறைந்தது 5 வாழைகளிலாவது இப்படி எடுங்கள். புழு மண்ணில் சீராகப் பரவியிருக்காது. ஒரே குழியை நம்பினால் அதிர்ஷ்டத்தை நம்புவதாகிவிடும்.

வேர் எடுத்த இடத்திலிருந்தே கால் கிலோ மண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் 5 செ.மீ. மண்ணை ஒதுக்கிவிடுங்கள். வெயிலில் காயும் அந்த அடுக்கில் புழு குறைவு.

ஒரு தோட்டம் முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போன நாமே அதைக் கொண்டு சேர்க்கக் கூடாது.

5. வேரைப் பிளந்து பார்ப்பது

இந்தப் படிக்கு மைக்ராஸ்கோப் வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் அவசரத்தில் பலரும் தாண்டிப் போவது இதைத்தான். நான் பயிற்சிக்கு வருபவர்களை ஒரு முழுக் காலைப் பொழுது இதிலேயே உட்கார வைப்பேன்.

முதலில் ஆய்வகத்துக்கு ஒரு பங்கு வேரைக் கழுவாமல் ஒதுக்கிவிட்டு, மற்ற வேர்களை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். உயிருள்ளது, செத்தது என்று இரண்டாகப் பிரியுங்கள். கிள்ளினால் கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். தோல் மட்டும் உறை போல் உருவிக்கொண்டு வந்தால் அது செத்தது. இரண்டின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உயிருள்ளதில் கண்ணை மூடிக்கொண்டு 5 வேர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. நீளம் வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்குங்கள். நல்ல வேரின் உள்ளே எல்லாம் வெள்ளையாக இருக்கும். நடுவில் கெட்டியான நார், சுற்றிலும் சதை. வேர்ப்புண் நூற்புழு தாக்கிய வேரில் சதை செம்பழுப்பாக, சில இடங்களில் ஊதா கலந்த சிவப்பாக, பழைய புண்ணில் கறுப்பாக இருக்கும். நடு நார் மட்டும் பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும்.

சதை கெட்டு நார் வெள்ளையாக நிற்பதுதான் இந்தப் படியில் முக்கியமான அடையாளம். புழு சதையைத் தின்னும், நாரைச் சாதாரணமாகத் தொடாது. வாடல் நோயில் இது தலைகீழாக இருக்கும். பூஞ்சாணம் நீர் செல்லும் குழாய்களில் வளர்வதால் கிழங்கை வெட்டினால் செம்பழுப்புப் புள்ளிகள், தண்டை வெட்டினால் பழுப்புக் கோடுகள் தெரியும். ஆகவே வேரைப் பிளந்த கையோடு கிழங்கையும் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கும் தோட்டங்களும் உண்டு.

இப்போது மதிப்பெண். ஒவ்வொரு வேருக்கும் அதிகபட்சம் 20. சதை முழுவதும் கெட்டிருந்தால் 20, பாதி கெட்டிருந்தால் 10. ஐந்து வேர்களையும் கூட்டினால் 100-க்கு எத்தனை என்று வேர்க்கருகல் விழுக்காடு கிடைக்கும். "நிறைய இருக்கு", "கொஞ்சம் இருக்கு" என்று எழுதி வைத்தால் அடுத்த வருடம் ஒப்பிட முடியாது.

இந்தப் படியில் நீங்கள் சொல்லக் கூடாதது ஒன்று உண்டு. செம்பழுப்புப் புண்ணைப் பார்த்ததும் "பிராட்டிலென்கஸ்" என்று எழுதிவிடாதீர்கள். ராடோபோலஸ் சிமிலிஸ் என்ற வேர்குடையும் நூற்புழுவும் இதே நிறத்தில், இதே சதையில் புண் போடும். கண்ணால் இரண்டையும் பிரிக்க முடியாது. சுருள் நூற்புழுவின் புண் மேலோட்டமாக, சதையின் வெளி ஓரத்தில் மட்டும் புள்ளிகளாகத் தெரியும். வேர் முடிச்சு நூற்புழு என்றால் வேர் வீங்கியிருக்கும். தடித்த வாழை வேரில் வீக்கம் வெளியே தெரியாமல், வெட்டும்போது நாரை ஒட்டிச் சிறு பழுப்புப் புள்ளிகளாகவும் கிடைக்கும்.

6. பையில் போட்டு எடுத்துச் செல்வது

ஆய்வகத்துக்கு அனுப்பும் வேரைக் கழுவ வேண்டாம். ஒட்டிய மண்ணோடு பையில் போட்டால் காயாமல் இருக்கும். தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், வேர் அழுகும். சீட்டைப் பைக்குள்ளும் வெளியிலும் வையுங்கள்.

மாதிரி உயிரோடு சேர வேண்டும். இனி வரும் பிரிப்பு முறை புழு தானே நகர்ந்து வெளியே வருவதை நம்பியது. ஒருமுறை எங்கள் மாதிரிப் பைகள் மதிய வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்துவிட்டன. வேரில் புண் தெளிவாக இருந்தது, தட்டில் ஒரு புழு கூட இல்லை. வெப்பத்தில் எல்லாம் செத்திருந்தன. அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நிழலில், தெர்மோகோல் பெட்டியில் கொண்டு செல்லுங்கள். உறைபெட்டியில் வைக்கவே கூடாது. 2, 3 நாட்களுக்குள் பிரித்துவிட்டால் நல்லது.

7. வேரிலிருந்து புழுவைப் பிரிப்பது

வேரைக் கழுவி, புண் உள்ள பகுதியும் அதை ஒட்டிய வெள்ளைப் பகுதியும் சேர்ந்து வரும்படி வெட்டுங்கள். புண்ணின் ஓரம்தான் புழு இப்போது தின்றுகொண்டிருக்கும் இடம். கறுத்த நடுப்பகுதியை அது ஏற்கெனவே விட்டுப் போயிருக்கும். எண்ணிக்கைக்காகச் செய்வதானால் மட்டும் பொறுக்காமல் எல்லா வேரையும் கலந்து எடுங்கள்.

10 கிராம் எடைபோட்டு, நீளவாக்கில் கீறி, 1 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். வாழை வேர் தடிமனானது. கீறாமல் போட்டால் உள்ளே இருக்கும் புழு வெளியே வரத் தாமதமாகும்.

வடிகட்டியில் டிஷ்யூ விரித்து, துண்டுகளைப் பரப்பி, தட்டில் வையுங்கள். தட்டின் ஓரமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். துண்டுகள் நனையும் அளவோடு நிறுத்திவிடுங்கள். முழுக மூழ்கடித்தால் காற்றில்லாமல் புழு மந்தமாகும், வேரும் புளித்துப்போகும். புதியவர்களின் தட்டில் புழு குறைவாக வருவதற்கு நான் கண்ட முதல் காரணம் இந்த அதிகத் தண்ணீர்தான். அறை வெப்பத்தில் 48 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் வற்றினால் மட்டும் ஓரமாகச் சேருங்கள்.

அப்புறம் வடிகட்டியை மெதுவாகத் தூக்கி எடுத்துவிட்டு, தட்டின் தண்ணீரைச் சாய்வாகப் பிடித்த 38 மைக்ரான் சல்லடையில் ஊற்றுங்கள். புழுவின் நீளம் அரை மி.மீ. அளவு, ஆனால் குறுக்களவு 20 முதல் 30 மைக்ரான்தான். நேராக நின்றால் கண்ணி வழியே நழுவிவிடும், படுத்தால்தான் சிக்கும். அதனால் கீழே வடிந்த தண்ணீரைப் பிடித்து மறுபடி இரண்டு முறை ஊற்ற வேண்டும். 25 மைக்ரான் சல்லடை இருந்தால் இழப்பு இன்னும் குறையும்.

48 மணி நேரம் காத்திருக்க முடியாதென்றால் மிக்சி முறை இருக்கிறது. துண்டுகளைத் தண்ணீரோடு 10 விநாடி ஓட்டி, சற்று நிறுத்தி, மொத்தம் 3 முறை ஓட்டுங்கள். பிறகு 250, 106, 38 மைக்ரான் சல்லடைகளில் வரிசையாக வடியுங்கள். முட்டையும் செத்த புழுவும்கூட இதில் கிடைக்கும். அதிக நேரம் ஓட்டினால் புழு துண்டாகும், அடையாளம் காணவே முடியாது.

8. மண் மாதிரி

மண்ணை 200 மி.லி. அளந்து வாளித் தண்ணீரில் கலக்கி, மணல் படிய 10, 15 விநாடி விட்டு, மேல் நீரை 850, 250, 38 மைக்ரான் சல்லடைகளில் வடியுங்கள். கடைசிச் சல்லடையில் தங்கியதை மேலே சொன்ன டிஷ்யூ தட்டில் ஊற்றி ஒரு நாள் வைத்தால் தெளிவான நீர் கிடைக்கும்.

மண்ணில் புழு குறைவு என்றால் "தாக்கம் இல்லை" என்று எழுதாதீர்கள். நல்ல வேர் இருக்கும்வரை இந்தப் புழு வேருக்குள்தான் இருக்கும். மண் மாதிரியை மட்டும் பார்த்துத் தோட்டம் சுத்தம் என்று சொன்ன அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு, வாழை சாய்வதைப் பார்த்து நின்ற விவசாயிகளை நான் சந்தித்திருக்கிறேன். வேரையும் மண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

9. குறைந்த பெருக்கத்தில் முதல் பிரிப்பு

பெட்ரி தட்டில் ஊற்றி ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் 40 மடங்கில் பாருங்கள். புழு உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும், அசைவும் ஓர் அடையாளம்.

துடித்துத் துடித்து வேகமாக நெளிபவை பெரும்பாலும் மண்ணில் தானாக வாழும் புழுக்கள். பாக்டீரியாவைத் தின்பவை, பயிருக்குக் கெடுதல் செய்யாதவை. வேர்ப்புண் நூற்புழு மெதுவாக அசையும். குட்டை உடல், பருமன் சீரானது, தலையும் வாலும் மழுங்கலானவை. தலையில் ஒரு சிறு மினுக்கம் தெரிந்தால் அது ஸ்டைலெட் எனப்படும் வாய் ஊசி. அந்த மினுக்கம் இருப்பவற்றை மட்டும் தனித் தட்டுக்கு எடுங்கள்.

இனி அவற்றைக் கொல்ல வேண்டும். புழு உள்ள நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, அதை 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் 2 நிமிடம் நிறுத்துங்கள். கொதிக்க விட்டால் உள்ளுறுப்பு வெந்து கலங்கிவிடும். வெப்பத்தில் மெதுவாகச் செத்த புழு எந்த வடிவில் கிடக்கிறது என்று பாருங்கள். பிராட்டிலென்கஸ் ஏறக்குறைய நேராக, சிறு வளைவோடு கிடக்கும். சுருள் நூற்புழு ஆங்கில 'சி' எழுத்து போல் வளையும், அல்லது சுருளாகும். இந்த ஒரு பார்வையிலேயே ஒரு குழப்பம் தீர்ந்துவிடும்.

10. உயர் பெருக்கத்தில் பார்க்க வேண்டிய வரிசை

ஸ்லைடில் ஒரு சொட்டு நீர், அதில் 5 முதல் 10 புழுக்கள். கவர்ஸ்லிப்பின் அடியில் மெழுகு வளையம் வையுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி அழுத்திப் புழு நசுங்கும், நசுங்கியதில் அளவெல்லாம் பொய்யாகும்.

முதல் விதி: வளர்ந்த பெண் புழுவை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள். குஞ்சுகளுக்கு இனப்பெருக்க உறுப்பு இருக்காது, பேரினத்தைப் பிரிக்கும் முக்கிய அடையாளம் அங்கேதான் இருக்கிறது. வல்வா எனும் பெண்துளை தெரிகிறதா என்று தேடுங்கள். தெரியாவிட்டால் அந்தப் புழுவை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஊசி. குட்டையாக, பருமனாக, அடியில் உருண்டைக் குமிழ்களோடு இருக்க வேண்டும். காஃபியே இனத்தில் நீளம் சுமார் 15 முதல் 18 மைக்ரான். மெல்லிய, பட்டும் படாத ஊசி என்றால் வேறு புழு.

தலை. தட்டையாக, உடலிலிருந்து அதிகம் உயராமல் இருக்கும். உள்ளே கெட்டியான சட்டகம் இருப்பதால் 400 மடங்கில் தலை கறுத்த தொப்பி போட்டது போலத் தெரியும். பழகிய கண்ணுக்கு இந்தக் கறுப்பே போதும்.

உணவுக்குழல் சுரப்பி. ஊசிக்குப் பின்னே உருண்டையான நடுக்குமிழ் இருக்கும். அதற்கும் பின்னே சுரப்பி மடல் குடலின் மேல் படர்ந்திருக்கும். எந்தப் பக்கமாகப் படர்கிறது என்பதுதான் கேள்வி. பிராட்டிலென்கஸில் வயிற்றுப் பக்கம், ராடோபோலஸில் முதுகுப் பக்கம். வயிற்றுப் பக்கம் எதுவென்று தெரியாமல் பலர் இங்கே நின்றுவிடுவார்கள். பெண்துளை இருக்கும் பக்கமே வயிறு. அங்கிருந்து உடல் ஓரமாகக் கண்ணை முன்னே கொண்டுவாருங்கள், குழப்பம் தீரும். புழு முறுக்கிக் கிடந்தால் மட்டும் இந்த வழி உதவாது.

பெண்துளையின் இடம். தலையிலிருந்து வால் வரை 100 என்று வைத்தால் பிராட்டிலென்கஸில் துளை 70 முதல் 80-ஐ ஒட்டி, வால் பக்கம் தள்ளி இருக்கும். காஃபியே இனத்தில் 80 வாக்கில் பாருங்கள். சினைப்பை ஒன்றே ஒன்று, முன்னோக்கி நீளும். துளைக்குப் பின்னே குட்டையான ஒரு பை மட்டும் இருக்கும். ராடோபோலஸில் துளை 55-ஐ ஒட்டி, நடுவுடலில் இருக்கும். சினைப்பை இரண்டு, ஒன்று முன்னே, ஒன்று பின்னே. ஒரே ஓர் அடையாளத்தைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

வால். குட்டை, முனை மழுங்கல் அல்லது வெட்டியது போன்றது. ராடோபோலஸின் வால் நீண்டு ஒடுங்கும்.

ஆண் புழு கிடைத்தால் அதையும் விடாதீர்கள். பிராட்டிலென்கஸ் ஆணின் தலையும் ஊசியும் பெண்ணுடையதைப் போலவே இருக்கும், வாலின் நுனிவரை மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கும். ராடோபோலஸ் ஆணின் தலை குமிழ் போல் உயர்ந்து, ஊசி தேய்ந்துபோய்க் கிடக்கும். பழகாதவர்கள் அதை வேறொரு புழு என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

11. ஏமாற்றும் ஒத்த உருவங்கள்

நெல்லுக்குப் பின் வாழை வைத்த காவிரிப் பாசன வயல்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஹிர்ஷ்மன்னியெல்லா எனும் நெல் வேர் நூற்புழு மண் மாதிரியில் வரும். அதற்கும் தட்டைத் தலை, சுரப்பியும் வயிற்றுப் பக்கமே படரும். முன்பாதியை மட்டும் பார்த்தால் பிராட்டிலென்கஸ் என்றே எழுதத் தோன்றும். ஆனால் அதன் நீளம் 1 மி.மீ.-க்கு மேல், சினைப்பை இரண்டு, வால் நுனியில் சிறு முள். முழு உடலையும் தலையிலிருந்து வால் வரை பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வேர் முடிச்சு நூற்புழுவின் குஞ்சு மெலிந்திருக்கும், ஊசி நுண்ணியது, வால் கூர்ந்து நுனி கண்ணாடி போல் தெளிந்திருக்கும். ஹாப்லோலைமஸ் பெரிய உடலும் மிகப் பெரிய ஊசியும் கொண்டது, குழப்பமே வராது. அஃபெலென்கஸ் வகையில் நடுக்குமிழ் உடலின் அகலத்தையே அடைப்பது போல் பெருத்திருக்கும், ஊசியின் அடியில் குமிழ் தெளிவாக இருக்காது. அது பூஞ்சாணம் தின்பது, அழுகிய வேரில் நிறைய வரும்.

12. இனம் வரை போக வேண்டுமா

விவசாயிக்கு ஆலோசனை சொல்லப் பெரும்பாலும் பேரினம் போதும். மாற்றுப் பயிர் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் இனம் தேவைப்படும். ஏனென்றால் ஒவ்வோர் இனத்துக்கும் பிடித்த பயிர் வேறு. கனகாம்பரத்தில் டெலாட்ரெய், மக்காச்சோளத்திலும் கரும்பிலும் ஜியே, கோதுமையிலும் கொண்டைக்கடலையிலும் தோர்னெய் என்று பார்க்கிறோம்.

எண்ணெய் லென்ஸில், தலை நுனியில் அடுக்காகத் தெரியும் உதட்டு வளையங்களை எண்ணுங்கள். காஃபியே இனத்துக்கு 2, ஜியே, தோர்னெய் இரண்டுக்கும் 3. கிழக்கு ஆப்பிரிக்க மலைவாழைகளில் வரும் குட்யெயி இனத்துக்கு 4. ஆண் புழு நிறையக் கிடைக்கிறதா என்றும் குறியுங்கள். காஃபியேயில் ஆண்கள் சாதாரணமாகக் கிடைக்கும், பெண்ணின் விந்துப்பையில் விந்து நிறைந்திருக்கும். ஜியே, பிராக்கியூரஸ் இனங்களில் ஆண் மிக அரிது.

குறைந்தது 10 பெண் புழுக்களையாவது அளந்த பிறகு பேசுங்கள். ஒரே இனத்துக்குள்ளேயே அளவுகள் மாறும். அளவுகள் இரண்டு இனங்களுக்கு நடுவில் விழுந்தால் டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புவதே சரி. அதற்கான புழுக்களை ஃபார்மலினில் போடாதீர்கள், டி.என்.ஏ. கெட்டுவிடும். வடிவம் பார்க்க 4 விழுக்காடு ஃபார்மலினில் ஒரு பங்கு, டி.என்.ஏ.-வுக்கு உயிரோடோ ஆல்கஹாலிலோ ஒரு பங்கு என்று முதலிலேயே பிரித்து வையுங்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறை ஆகிய இரண்டும் இதற்கு அணுகக்கூடிய இடங்கள்.

13. எண்ணிக்கை

பிரித்த நீரை 100 மி.லி. ஆக்கி, குலுக்கிய உடனே 2 மி.லி. எடுத்து எண்ணுங்கள். மூன்று முறை செய்யுங்கள். 14, 11, 17 வந்தால் சராசரி 14. 100 மி.லி.-யில் 700. எடுத்தது 10 கிராம் வேர் என்பதால் கிராமுக்கு 70. குலுக்காமல் எடுத்தால் புழு அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு வகைப் புழுவையும் தனித்தனியே எழுதுங்கள், மொத்தமாக "நூற்புழு 700" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

14. வேரில் புண் இருக்கிறது, தட்டில் புழு இல்லை என்றால்

முதலில் மாதிரி வெயிலில் பட்டதா, வேர் செத்ததா, தட்டில் தண்ணீர் அதிகமா என்று திரும்பிப் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் வேருக்குள்ளேயே சாயம் ஏற்றிப் பார்க்கலாம். செத்த புழுவும் இதில் தெரியும்.

புண்ணின் ஓரத்திலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, 1.5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 4 நிமிடம் வையுங்கள். பிறகு ஓடும் நீரில் நன்றாக அலசி, 15 நிமிடம் நல்ல நீரில் ஊறவிடுங்கள். இந்த அலசலை ஒருபோதும் குறைக்காதீர்கள். அடுத்து வரும் சாயக் கரைசலில் அமிலம் இருக்கிறது. மிச்சமுள்ள ஹைப்போகுளோரைட்டோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. ஜன்னலைத் திறந்து வைத்தே செய்யுங்கள்.

அடுத்து நீர்த்த ஆசிட் ஃபுக்சின் கரைசலில் போட்டு அரை நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அலசி, சில துளி அமிலம் சேர்த்த கிளிசரினில் இளஞ்சூட்டில் வைத்தால் வேரின் நிறம் வெளிறும், புழுவின் சிவப்பு நிற்கும். சதைக்குள் நீளவாக்கில் சிவப்பு இழைகளாகப் புழுக்களும், அவற்றுக்குப் பின்னால் இட்டுச் சென்ற முட்டைகளும் தெரிந்தால் உள்ளே வாழும் நூற்புழு இருந்தது உறுதி. பேரினத்துக்குப் புதிய மாதிரி எடுத்து 7-ஆம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.

அப்போதும் ஒன்றும் தெரியவில்லை என்றால் நூற்புழுவை ஒதுக்கிவிட்டு, அதே வேரைப் பூஞ்சாண நோய் பார்ப்பவரிடம் அனுப்புங்கள். கூடவே 5-ஆம் படியில் எழுதிய மதிப்பெண்ணையும், கிழங்கை வெட்டியபோது கண்டதையும், பாசனம் எப்போது செய்தார்கள் என்பதையும் ஒரே சீட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள்.